உயரம் ஐந்தடி ஒன்று, பைக் 199 கிலோ: பைகளை எங்கே கட்டுவது?

ஏலகிரி போய் வந்து பைகளை இறக்கியாகிவிட்டது. ஒரு போல்ட்டும் தளரவில்லை. வழியில் எந்த இடத்திலும் "கொஞ்சம் பைக்கைப் பிடிங்க" என்று யாரையும் கூப்பிட வேண்டி வரவில்லை. அதனால் இந்த வேலை முடிந்தது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நடுவில் வாங்கியது, விற்றது, வெட்டியது, வெல்டிங் வைத்தது எல்லாம் சேர்ந்து கணிசமான தொகை ஆகிவிட்டது. உயரம் குறைந்தவர்கள் கடைக்குப் போய் "எத்தனை லிட்டர் பை இருக்கு?" என்று கேட்பதற்கு முன் இதைப் படித்தால் கொஞ்சமாவது மிச்சமாகும்.

பைக் 2021 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சிசி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனிக் கணக்குப்படி சீட் உயரம் 800 மி.மீ., எடை 199 கிலோ, டேங்க் 15 லிட்டர். என் உயரம் 155 செ.மீ. சுவரோடு முதுகை ஒட்டி நின்று, தொடைகளுக்கு நடுவில் ஒரு தடித்த புத்தகத்தை மேலே இறுக்கிப் பிடித்து அளந்தால் கால் நீளம் 70 செ.மீ. வருகிறது. பூட்ஸ் அடிப்பாகம் இன்னொரு 3 செ.மீ. கொடுக்கும். நான் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும். அப்படியும் இரண்டு காலையும் ஊன்ற நினைத்தால் இரண்டு பக்கமும் கட்டைவிரல்தான் தரையைத் தொடும்.

பைகளுக்குப் போகும் முன் சீட்டைச் சரிசெய்தேன். சீட் கவர் கடையில் நுரையை 25 மி.மீ. இறக்கி, டேங்க் பக்கம் இருக்கும் இரண்டு முன் மூலைகளையும் சரிவாகச் செதுக்கச் சொன்னேன். புதுக் கவரோடு 1,400 ரூபாய். உயரத்தைக் குறைத்ததைவிட அந்த மூலைகளைச் செதுக்கியதில்தான் அதிகப் பலன். தொடை விரிய வேண்டிய அகலம் குறைந்தால் கால் நேராகக் கீழே இறங்குகிறது. இப்போது இடுப்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினால் இடது பாதத்தின் முன்பாதி முழுசாகப் பதியும், வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கும். மெக்கானிக் "லோயரிங் லிங்க் போட்டுக்குங்க மேடம், ஒரு இஞ்ச் இறங்கிடும்" என்றார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சாமான் ஏற்றினால் பின்பக்கம் எப்படியும் இறங்கும், அதற்கு மேலும் இறக்கினால் சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குட்டையாக்க வேண்டும். 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸுக்காக வாங்கிய வண்டியில் அதையே குறைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி பைகள்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். சென்னை ஜி.பி. ரோட்டில் 50 லிட்டர் உருளைப் பை ஒன்று 3,200 ரூபாய்க்கு வாங்கி, பின் சீட்டில் குறுக்காகப் போட்டு கொக்கி வைத்த இரண்டு பன்ஜி ரப்பர் கயிற்றால் கட்டினேன். உயரமானவர்களின் படங்களில் இது மிக அழகாக இருக்கும். காலைத் தூக்கிப் பையைத் தாண்டிப் போட்டு உட்கார்ந்து கிளம்பிவிடுவார்கள். எனக்கு பூட்ஸின் குதிகால் பன்ஜி கயிற்றில் மாட்டியது. ஒரு கால் தரையில், ஒரு கால் பையின் மேல், வண்டி சைடு ஸ்டாண்டில். அந்த நிலையில் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

மாற்று வழி, குதிரையில் ஏறுவது மாதிரி இடது ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்று காலைச் சுற்றிப் போடுவது. உயரம் குறைந்தவர்களுக்கு இதைத்தான் பலரும் சொல்லித்தருவார்கள். ஏற முடிகிறது, ஆனால் வண்டியின் எடை, சாமான் எடை, என் எடை மூன்றையும் அந்தச் சின்ன ஸ்டாண்ட் தாங்க வேண்டும். புதுச்சேரியில் மத்தியான வெயிலில் இளகிக் கிடந்த தாரில் ஸ்டாண்டின் பாதம் மெல்ல உள்ளே இறங்கியதை உணர்ந்து குதித்து இறங்கினேன். வண்டி விழவில்லை. அதற்கப்புறம் ஸ்டாண்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தட்டு வைத்து வெல்டிங் செய்துகொண்டேன், 150 ரூபாய். அந்தத் தட்டு இன்றும் இருக்கிறது, மணலிலும் பயன்படுகிறது. ஆனால் ஒவ்வொரு டீக்கும் ஃபுட்ரெஸ்டில் ஏறி இறங்கும் பயணம் எனக்கு வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் மாஸ்கிங் டேப்பை 5 செ.மீ. இடைவெளியில் வரிசையாக ஒட்டினேன். பூட்ஸ், முழங்கால் கார்டு வைத்த பேன்ட் எல்லாம் போட்டுக்கொண்டு, இடது காலில் நின்று வலது காலைப் பக்கவாட்டில் வீசி, குதிகால் எந்த டேப்பைச் சிரமமில்லாமல் தாண்டுகிறது என்று பார்த்தேன். 100 செ.மீ. காலையில் அது 105 கூட வரும். நாள் முழுக்க ஓட்டிக் களைத்துப்போன மாலையில் 100-க்கு மேல் இல்லை. அப்புறம் வண்டியை அளந்தேன். பின் சீட்டின் மேற்புறம் தரையிலிருந்து ஏறக்குறைய 87 செ.மீ., அதன் மேல் பை 30 செ.மீ. மொத்தம் 117. இதில் தெரிந்துகொள்ள வேறு என்ன இருக்கிறது?

பை வாங்கும் முன் எடுக்க வேண்டிய முதல் அளவு இதுதான். லிட்டர் கணக்கெல்லாம் அதற்கப்புறம். என் வண்டியில் முன் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் எதுவும் 100 செ.மீ. கோட்டைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்தது டாப் பாக்ஸ். இதை வாங்கியபோது என் கணக்கு இப்படி: பெட்டி பின் ரேக்கின் மேல் இருக்கும், பின் சீட் காலியாக இருக்கும், முழங்காலை மடக்கி இரண்டுக்கும் நடுவில் காலை நுழைத்துவிடலாம். கணக்கு சரிதான். ஏறுவதும் இறங்குவதும் நன்றாகவே இருந்தது. பூட்டும் வசதி, மழைக்குப் பயமில்லை, ஹெல்மெட் உள்ளே அடங்கும். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. பெட்டிக்குள் 10 கிலோ வைத்துக்கொண்டு சிக்னலில் நின்றால், வண்டி கொஞ்சம் சாய்ந்ததும் மேலே இருக்கும் எடை அதை இன்னும் இழுக்கிறது. தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில் இருக்கும் 10 கிலோ, சாயும் நேரத்தில், 60 செ.மீ. உயரத்தில் இருக்கும் 18 கிலோ செய்கிற வேலையைச் செய்யும். இரண்டு பாதமும் தட்டையாக ஊன்றி நிற்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. நுனிக்காலில் நிற்பவருக்கு ஒவ்வொரு சிக்னலும் தெரியும். போதாததற்கு, மூடியின் உள்ளே இருந்த ஸ்டிக்கரை அப்போதுதான் படித்தேன். 3 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாதாம்.

பெட்டியை விற்கவில்லை. அலுவலகத்துக்கும் காய்கறிக்கும் அதைவிட வசதி கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் கழன்றுவிடும். தூரப் பயணத்தில் அது வீட்டில் இருக்கும், அவ்வளவுதான்.

எடை கீழே போக வேண்டும் என்று ஆனதும் அடுத்த வழி பக்கவாட்டுப் பைகள்தான். சீட்டின் மேல் பட்டை போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிடும் துணிப் பைகளை, பக்கத்துக்கு 22 லிட்டர் என்று, பழையதாக ஒருவரிடம் 3,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்டே (பையைத் தாங்கும் கம்பிச் சட்டம்) வேண்டாம், அப்படியே போடலாம் என்றுதான் சொன்னார். இடது பக்கம் சாரி கார்டின் மேல் பை ஒழுங்காக உட்கார்ந்தது. வலது பக்கத்தில் சைலன்சர் உயரமாக மேல்நோக்கிப் போகிறது, அங்கே பையைத் தாங்க எதுவும் இல்லை. வேகத்தடையில் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் பையின் அடிப்பாகம் சைலன்சர் கவசத்தைத் தொட்டுத் தொட்டு, ஒரு ரூபாய் அளவுக்குத் துணி உருகிப் பளபளப்பாகிவிட்டது. உள்ளே இருந்த துண்டு வரைக்கும் வாசம் வந்தது.

அதைவிட முக்கியமான இன்னொன்றும் இந்தக் கட்டத்தில்தான் தெரிந்தது. உயரமானவர் வண்டியை நிறுத்தும்போது பாதத்தை ஃபுட்ரெஸ்டுக்கு வெளியிலோ முன்னாலோ விரித்து வைப்பார். எனக்குக் காலை விரிக்க நீளம் இல்லை. நேராகக் கீழே இறக்கினால்தான் தரை எட்டும், அப்படி இறக்கினால் ஃபுட்ரெஸ்ட் இடிக்கும், அதனால் பாதம் அதற்குப் பின்னால்தான் விழும். பையின் முன் ஓரம் இருப்பதும் அங்கேதான். கெண்டைக்கால் பையில் முட்டி, பாதம் பதிய வேண்டிய இடத்தில் பதியாமல் நழுவுகிறது. பெட்ரோல் பங்கில் வண்டியைக் காலால் தள்ளிப் பின்னால் எடுக்கும்போது இன்னும் மோசம், ஒவ்வொரு அடிக்கும் குதிகால் பையை உதைக்கும்.

எனவே இரண்டாவது அளவு. சீட்டில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்து, பின்னோக்கித் தள்ளுவதுபோல் காலை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறேன் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். ஃபுட்ரெஸ்டின் நடுவிலிருந்து 30 செ.மீ. அந்த 30 செ.மீ.-க்குள் பை வரக் கூடாது. கடையில் விற்கும் ஸ்டேக்களைப் பார்த்தேன். நல்ல வேலைப்பாடுதான். ஆனால் நான் பார்த்தவை எல்லாம் பையை முடிந்தவரை முன்னால் தள்ளி வைப்பவை. வண்டியின் சமநிலைக்கு அதுதான் சரி, எடை பின் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். என் காலுக்கு அது சரிவராது. சரி, நாமே செய்துவிடலாம் என்று அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

போகும் முன் வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி இரண்டு பக்கத்துக்கும் மாதிரி செய்துகொண்டேன். அட்டையை வண்டியில் டேப் போட்டு ஒட்டி, ஏறி இறங்கி, காலால் தள்ளி, இடிக்கும் மூலையை வெட்டி, மறுபடி ஏறிப் பார்த்து. ஒரு மாலை முழுக்க இந்த வேலைதான் நடந்தது. செலவு கத்திப் பிளேடு மட்டும். ஆனால் மொத்த வேலையிலும் அதிகம் மிச்சப்படுத்தியது இந்த அட்டைதான்.

பட்டறை அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு எம்எம் ராடு போதும் மேடம், சும்மா பைதானே."

"மலை ரோடு அண்ணா. ராடு ஆடாதா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 16 மி.மீ. பைப், 2 மி.மீ. தடிமன் என்று முடிவு செய்தார். ராடைவிட எடை கூடும்தான், ஆனால் விறைப்பு பல மடங்கு கிடைக்கும். பிடிமானம் மூன்று இடத்தில்: மேலே பின் ரேக்கின் போல்ட்டில் ஒன்று, பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில் ஒன்று, இண்டிகேட்டருக்குப் பக்கத்தில் ஒரு கிளாம்ப். இடது பக்கம் சாரி கார்டை வெட்டி எடுத்துவிட்டு அந்த ஓட்டைகளிலேயே ஸ்டேயை மாட்டலாம் என்றும் சொன்னார். அதை ஒப்புக்கொள்ளவில்லை. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதியே இருக்கிறது. தவிர, என் அம்மா அவ்வப்போது பின்னால் சேலையோடு உட்காருபவர். சாரி கார்டை அப்படியே விட்டு, நீளமான எம்8 போல்ட் போட்டு அதன் மேலேயே ஸ்டேயை உட்காரவைத்தோம்.

வலது பக்கம் சைலன்சரைத் தாண்டி வர வேண்டும் என்பதால் பைப்பை வெளிப்பக்கம் வளைக்க வேண்டியிருந்தது. சைலன்சருக்கும் பையின் துணிக்கும் நடுவில் 5 செ.மீ. காற்று இடைவெளி வைத்தோம். 1.5 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை ரிவெட் அடித்து ஸ்டேயின் உள்பக்கம் பொருத்தினோம். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அந்தத் தகட்டைத் தொட்டால் சுடுகிறது, அதன் பின்னால் இருக்கும் பையின் துணி வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது.

பைப், வெல்டிங், கூலி சேர்த்து 1,800 ரூபாய். பவுடர் கோட்டிங் 500. இரண்டு ஸ்டேயும் சேர்ந்து எடை மூன்றரைக் கிலோ. எல்லா போல்ட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர், அதிர்வில் தளராத நைலாக் நட்டு. ரேக் போல்ட்டில் மட்டும் நட்டுக்கு இடமில்லை, அதனால் மரையைப் பிடித்துக்கொள்ளும் நீல நிற திரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு.

ஜவ்வாது மலைக்குப் போனபோது இது பாதிதான் வேலை செய்தது. பைகள் ஆடவில்லை, கால் இடிக்கவில்லை, கருகல் வாசம் இல்லை. ஆனால் ஜமுனாமரத்தூரில் இறங்கிப் பார்த்தால் வலது ஸ்டேயின் கீழ் வெல்டிங்கில் முடி மாதிரி ஒரு விரிசல். கரடுமுரடான ரோட்டில் இரண்டு ஸ்டேயும் தனித்தனியாக உள்ளேயும் வெளியேயும் அதிர்ந்திருக்கின்றன. வெளியே துருத்திக்கொண்டிருந்த வலது பக்கம்தான் முதலில் சோர்ந்தது. அங்கிருந்து வீட்டுக்கு வலது பையைப் பாதி காலியாக்கி, ஒரு பட்டையால் ரேக்கோடு சேர்த்து இழுத்துக் கட்டி மெதுவாக வந்தேன். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்டேயையும் இணைத்து ஒரு 10 மி.மீ. ராடு குறுக்காக வைத்ததும் அந்தப் பிரச்சினை போய்விட்டது, 250 ரூபாய். இப்போது ஒரு பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் மொத்த வண்டியும் சேர்ந்து ஆடுகிறது, ஸ்டே தனியாக ஆடுவதில்லை. பெரிய கம்பெனி ஸ்டேக்களிலும் இந்தக் குறுக்குக் கம்பி இருக்கும். அது எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

பைகள் சரியானதும் டென்ட், தூங்கும் பை, பாய் ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். அவை எடை குறைவு, ஆனால் இடத்தை அடைப்பவை. பின்னால்தான் வைத்தாக வேண்டும், 100 செ.மீ. கோட்டையும் தாண்டக் கூடாது. ஹிமாலயனில் முன் சீட்டும் பின் சீட்டும் தனித்தனி. சாவி போட்டுப் பின் சீட்டைக் கழற்றினேன். கழற்றிய இடத்தில் ஒரு பள்ளம், அங்கேயே 6 செ.மீ. மிச்சமானது. அந்த இடத்துக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட்டை அளவாக அறுத்து, ஓரங்களை உப்புத்தாள் போட்டு வழித்து, மேலே ரெக்சின் ஒட்டினேன். பின்பக்கம் இரண்டு யூ கிளாம்பால் ரேக்கோடு பிடிப்பு, முன்பக்கம் சீட்டின் நாக்கு நுழையும் இடத்தில் ஒரு தகட்டு நாக்கு. பிளைவுட் துண்டு மரக்கடையில் மீதியாகக் கிடந்தது, 200 ரூபாய். கிளாம்பும் ரெக்சினும் 150.

இந்தப் பலகையின் மேல் 20 லிட்டர் பை ஒன்றைத் தட்டையாக, 14 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் கட்டுகிறேன். மேற்புறம் 97 செ.மீ. கால் தாண்டுகிறது, களைத்த மாலையிலும். பழைய 50 லிட்டர் பை தம்பியிடம் போய்விட்டது. அவன் ஆறடி.

ஹிமாலயனில் டேங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் இரும்புக் கம்பிச் சட்டம் பலருக்குத் தொல்லை. உயரமானவர்களின் முழங்கால் அதில் இடிக்கும். அந்தக் குறை அதிகம் வந்ததால் 2021 மாடலில் அதைக் கொஞ்சம் குறுக்கினார்கள். குட்டைக் காலுக்கு அங்கே இடிப்பதற்கு ஒன்றுமே இல்லை! உயரம் குறைந்தவர்களுக்கு இந்த வண்டி கொடுக்கும் ஒரே பரிசு இதுதான் என்று நினைக்கிறேன். அதில் பக்கத்துக்கு 4 லிட்டர் அளவில் இரண்டு சின்னப் பைகளை ரெக்சின் கடையில் தைத்து வாங்கினேன், இரண்டும் 900 ரூபாய். டேங்கின் மேல் வைக்கும் பையையும் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். நான் டேங்கை ஒட்டி முன்னால் உட்காருபவள், பை வயிற்றில் முட்டியது. பின் சீட்டுப் பக்கம் காலைப் போட வசதியில்லாத இடத்தில் முழங்காலை மடக்கி முன்னால் நுழைத்து ஏறுவேன், அதற்கும் வழியை மறித்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எடையை எங்கே எவ்வளவு வைப்பது என்பதுதான் கடைசிக் கட்டம். இதற்கு ஒரு கொக்கித் தராசு வாங்கினேன், 350 ரூபாய், பெட்டி நிறுக்க விமானப் பயணிகள் வைத்திருப்பார்களே, அதுதான். பைகளில் அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் வைத்து, வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, தராசை வலது ஹேண்டில்பார் நுனியில் மாட்டி, ஸ்டாண்ட் தரையிலிருந்து விடுபடும் வரை இழுத்தேன். தம்பி இடப்பக்கம் நின்று பிடித்துக்கொண்டான். சாமான் இல்லாமல் 20 கிலோ காட்டியது. இடது பையில் 10, வலது பையில் 3 கிலோ வைத்தபோது 24. இரண்டையும் சமமாக வைத்தபோது 21, 22. சீட்டில் உட்கார்ந்து நுனிக்காலில் வண்டியை நிமிர்த்துபவருக்கு அந்த 2, 3 கிலோ வித்தியாசம்தான் முதல் முயற்சியிலேயே நிமிர்வதற்கும் நிமிராமல் மறுபடி ஸ்டாண்டில் உட்காருவதற்கும் நடுவில் இருப்பது.

எடுத்து வைக்க வசதி என்று டூல்ஸ், டியூப் எல்லாவற்றையும் இடது பையில் போடுவதுதான் வழக்கம். நிற்கும்போது கண்ணுக்கு எதிரே இருப்பது அந்தப் பைதானே. அதைத்தான் மாற்றினேன். ஹிமாலயனில் ஸ்போக் வீல், டியூப் டயர். முன்னால் 21 இஞ்ச், பின்னால் 17 இஞ்ச், இரண்டு டியூபும் டயர் லிவரும் பம்பும் கூடவே வர வேண்டும். ஸ்பானர்களோடு சேர்ந்து இது 5 கிலோ. இதில் பாதியை வலது டேங்க் பையிலும் மீதியை வலது பக்கப் பையின் அடியிலும் வைத்தேன். இடது டேங்க் பையில் 2 லிட்டர் தண்ணீரும் மழைக் கோட்டும். அதற்காக வலது பக்கத்தை ரொம்பக் கனமாக்கவும் கூடாது. வலது கால் பிரேக்கில் இருப்பதால் அந்தப் பக்கம் சாய்ந்தால் பிடிக்க ஆளில்லை. சைலன்சருக்காக வலது பை 6 செ.மீ. வெளியே தள்ளி நிற்கிறது, அதனால் அங்கே வைக்கும் எடை கூடுதலாக இழுக்கும். கடைசியில் நின்ற கணக்கு: இடது பையில் 7 கிலோ, வலது பையில் 6 கிலோ, பின் பலகையில் 5 கிலோ. கையை விட்டால் நேராக ஓடுகிறது, நின்றால் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

சாமான் ஏறியதும் பின்பக்கம் இறங்கி, கால் இன்னும் நன்றாக எட்டும். அதில் மயங்கி பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை) தொடாமல் விட்டுவிடத் தோன்றும். விட்டால் வண்டி சைடு ஸ்டாண்டில் ஏறக்குறைய நேராக நிற்கும், பக்கத்தில் ஒரு லாரி போனாலே வலப்பக்கம் சாயப் பார்க்கும். ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். நான் பிரீலோடைக் கொஞ்சம் மட்டும் கூட்டி, ஸ்டாண்டில் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்து நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். முடிந்த இடத்தில் எல்லாம் சென்டர் ஸ்டாண்ட்தான். ஆனால் பைகளோடு அதில் ஏற்றுவதற்கு என் உடம்பு எடை போதவில்லை, பின் பையைக் கழற்றிவிட்டுத்தான் ஏற்றுகிறேன்.

பன்ஜி கயிறுகளை முற்றிலும் விட்டுவிட்டேன். கொக்கி தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும். அதற்குப் பதில் 25 மி.மீ. பட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் கேம் பக்கிளும், ஆறு பட்டை 700 ரூபாய். மீதித் தொங்கும் நுனியைச் சுருட்டி வெல்க்ரோவால் கட்டிவிட வேண்டும். செயினுக்குள் போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மழைக்குப் பையோடு வரும் உறை 70 கி.மீ. வேகத்தில் பலூன் மாதிரி உப்பி அடித்துக்கொள்கிறது, அடியில் தண்ணீர் தேங்குகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, உர மூட்டைக்குள் இருக்கும் கனமான பாலிதீன் பையைக் கழுவிக் காயவைத்து உள்ளே லைனராகப் போட்டுக்கொண்டேன். வாயை முறுக்கி ரப்பர் பேண்ட். ராணிப்பேட்டையில் கொட்டிய மழையில் பை நனைந்தது, உள்ளே இருந்த துணி நனையவில்லை.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே பஸ் வந்து, சரிவில், ரோட்டின் இடது ஓரத்தில் நிற்க வேண்டி வந்தது. ரோடுகள் தண்ணீர் வடிய நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும். இடது ஓரத்தில் நின்றால் இடது காலுக்குத் தரை இன்னும் கீழே போய்விடும். இங்கே வலது கால்தான் எட்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது காலை ஊன்றி நின்றேன். பைகள் கீழே இருந்ததால் வண்டி அசையாமல் நின்றது. டாப் பாக்ஸ் நாட்களில் இதே நிலையில் கண்டிப்பாகப் படுத்திருக்கும். சாமானோடு போகும்போது, முடிந்தால், ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நிற்பது இப்போது பழக்கமாகிவிட்டது. பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

இன்று மறுபடி ஆரம்பித்தால் உருளைப் பையையும் பழைய துணிப் பைகளையும் வாங்க மாட்டேன். அந்த 6,200 ரூபாயில் ரோல் டாப் வாய் (சுருட்டி மூடும் வாய்) வைத்த நல்ல பக்கப் பைகளே வந்திருக்கும். ஸ்டேயில் குறுக்குக் கம்பியை முதல் நாளே வைத்திருப்பேன். வலது ஸ்டேயை இன்னும் உள்ளே கொண்டுவரலாம். பையின் உள்பக்கத்தில் சைலன்சர் அளவுக்கு ஒரு குழிவு விட்டுத் தைத்தால் 4 செ.மீ. குறையும் என்று ரெக்சின் கடைக்காரர் சொல்கிறார். இப்போது இரண்டு பையும் சேர்ந்து 86 செ.மீ. அகலம், ஹேண்டில்பார் 84. முன்னால் நுழைந்த இடத்தில் பின்னால் உரசாமல் இருக்க அந்த 2 செ.மீ. போயே ஆக வேண்டும். தைக்க 600 ரூபாய் கேட்டிருக்கிறார். அதற்கு முன் பைக்குள் வைக்க ஒரு அட்டை மாதிரி வெட்ட வேண்டும், வாஷிங் மெஷின் பெட்டியில் இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறது.